அப்பா எங்கே என்று அம்மா கேட்கும்போது

கேள்வி:

டாக்டர், என் அம்மாவுக்கு 76 வயது. அல்சைமர் நோய் என்று கண்டுபிடித்து நான்கு வருடம் ஆகிறது. அப்பா இறந்து இரண்டு வருடம். காலை நேரத்தில் அம்மா ஓரளவு தெளிவாக இருக்கிறார். அப்பா இல்லை என்பது பல நாட்கள் அவருக்கே தெரிகிறது. பொழுது சாய்ந்தால் எல்லாம் மாறிவிடுகிறது. "அப்பா எங்கே, இன்னும் வரலையே" என்று ஆரம்பித்துவிடுவார். "அப்பா இறந்துட்டாரும்மா" என்று சொன்னால், அப்போதுதான் முதல்முறை கேட்பவர்போலக் கதறுகிறார். "என்கிட்ட ஏன் யாருமே சொல்லல" என்று கோபப்படுகிறார். அரை மணி நேரத்தில் சொன்னது மறந்துபோய்த் திரும்ப அதே கேள்வி.

அண்ணன், "வெளியே போயிருக்கார், வந்துடுவார்னு சொல்லிட்டுப் போயேன். நன்மை நடக்கும்னா பொய்யும் உண்மைதான்னு வள்ளுவரே சொல்லியிருக்கார்" என்கிறார். அதே காரணத்தைக் காட்டி, "ரெண்டு நாள்ல திரும்பிடலாம்" என்று அம்மாவிடம் சொல்லி, நிரந்தரமாகத் தன் வீட்டுக்கு மாற்றிவிடவும் பார்க்கிறார். ஒரு சின்னப் பொய் சொன்னாலும் நாள் முழுக்கப் பேசாமல் இருந்து எங்களைத் திருத்தியவர் அம்மா. அவரிடமே பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போன வாரம் ஒருநாள் அண்ணன் சொன்னபடி சொல்லிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த என் 9 வயது மகன், "பாட்டிகிட்ட பொய் சொல்றது தப்பில்லையா அம்மா" என்று கேட்டான். பதில் சொல்லத் தெரியவில்லை. பொய் சொல்வதுதான் கருணையா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

சாயங்காலத்தில் அம்மாவிடம் அந்த மரணச் செய்தியைச் சொல்வதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஆனால் அண்ணன் சொல்லிக்கொடுத்த பதிலையும் சொல்லாதீர்கள். "வந்துடுவார்" என்பது கருணையான பொய்கூட இல்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன். இந்த இரண்டையும் விட்டால் அம்மாவிடம் சொல்ல வேறு எதுவுமே இல்லை என்று நீங்களும் அண்ணனும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் நடக்கும் சண்டைக்கு அதுதான் காரணம் என்று தோன்றுகிறது.

அம்மாவின் மூளையில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். புதிதாகக் கேட்பதையும் பார்ப்பதையும் நினைவில் பதிய வைப்பதில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. அல்சைமர் நோய் ஆரம்பத்திலேயே கைவைக்கும் இடங்களில் அது ஒன்று. அதனால்தான் அப்பாவோடு வாழ்ந்த பழைய வருடங்கள் அப்படியே இருக்கின்றன, இரண்டு வருடத்துக்கு முன் அவர் போனது மட்டும் மனதில் நிற்க மறுக்கிறது. காலையில் ஓய்வெடுத்து எழுந்த மூளையால் அதைக் கொஞ்சம் எட்டிப் பிடிக்க முடிகிறது. வெளிச்சம் குறைந்து களைப்பு ஏறும்போது அதுவும் நழுவிவிடுகிறது. மறதிநோய் வந்த பலருக்கு இந்த நேரத்தில்தான் பதற்றமும் தேடலும் அதிகமாகும்.

செய்தி மறந்துபோகிறது, சரி. அதனால் வந்த துக்கமும் கூடவே மறந்துபோகிறதா? அயோவா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2014இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். அல்சைமர் வந்த 17 பேருக்குச் சோகமான சினிமாக் காட்சிகளையும், வேறொரு சமயம் மகிழ்ச்சியான காட்சிகளையும் போட்டுக் காட்டினார்கள். சில நிமிடங்கள் கழித்துக் கேட்டபோது, எதைப் பார்த்தோம் என்பதே அவர்களில் பலருக்குச் சரியாக நினைவில்லை. ஆனால் அந்தக் காட்சி கிளப்பிவிட்ட உணர்வு போகவில்லை. அதிலும், யாருக்குக் காட்சி குறைவாக நினைவிருந்ததோ அவர்களிடம் சோகம் இன்னும் நீண்ட நேரம் தங்கியது.

இதை உங்கள் வீட்டுக்குப் பொருத்திப் பாருங்கள். அரை மணி நேரத்தில் அம்மா செய்தியை மறந்துவிடுகிறார். நெஞ்சில் ஏறிய கனம் இறங்குவதில்லை. ஏன் அழுகை வருகிறது என்று தெரியாமலே அழுகை வருகிறது. அந்தக் கலக்கத்தில் அவர் மறுபடியும் யாரைத் தேடுவார்? வாழ்நாள் முழுக்கத் தன்னைத் தேற்றிய மனிதரைத்தான் தேடுவார். "அப்பா எங்கே" என்ற கேள்வி திரும்பி வருவதற்கு மறதி மட்டும் காரணமாக இருக்காது. நீங்கள் சொன்ன பதிலே அந்தத் தேடலைத் தூண்டிவிட்டும் இருக்கலாம்.

உண்மையை ஒருவரிடம் சொல்வது, அதை வைத்து அவர் ஏதாவது செய்துகொள்ளட்டும் என்பதற்காகத்தானே? அழுவதற்கு, கோபப்படுவதற்கு, அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுப்பதற்கு, மெல்ல மெல்ல ஏற்றுக்கொள்வதற்கு. துக்கம் ஆறுவதற்கும் நினைவு வேண்டும். நேற்று அழுதது நினைவில் இருந்தால்தான் இன்றைய அழுகை கொஞ்சம் குறையும். சாயங்காலத்து அம்மாவிடம் அந்த நேற்று இல்லை. அவருக்கு எல்லா நாளும் சாவு விழுந்த முதல் நாள்தான். அவர் மறுபடி மறுபடி அந்த நாளுக்குள் போய் விழுவதால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை. இப்படி ஒரு முடிவு எடுத்தால் நேர்மை கெட்டுவிடுமோ என்று நீங்கள் பயப்பட வேண்டியதில்லை.

எங்கள் துறையே இந்த இடத்துக்குத் தடுமாறித்தான் வந்து சேர்ந்தது. 1950களின் கடைசியில் அமெரிக்காவில், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளில் ஒரு பராமரிப்பு முறை தொடங்கியது. இன்று என்ன தேதி, என்ன கிழமை, இது எந்த இடம் என்று பலகையில் எழுதி வைப்பார்கள். குழம்பிய முதியவர்கள் எது தவறாகச் சொன்னாலும் பணியாளர்கள் திருத்துவார்கள். நோயின் ஆரம்பத்தில் இருந்த சிலருக்கு அது உதவியது. நோய் முற்றியவர்களை அது அழவும் சீறவும் வைத்தது. திருத்துவதை விட்டுவிட்டு, அவர்கள் நிற்கும் இடத்துக்கு நாம் போய் அந்த உணர்வை ஏற்றுக்கொள்ளலாம் என்று நவோமி ஃபைல் என்ற சமூகப் பணியாளர் வேறொரு வழியை உருவாக்கினார். இன்று நாங்கள் குடும்பங்களுக்குச் சொல்லிக்கொடுப்பதில் பெரும்பகுதி அந்த வழியிலிருந்து கிளைத்ததுதான். பொய் சொல்லச் சொல்லி அவரும் சொல்லவில்லை. நடைமுறையில் பொய் சர்வசாதாரணம் என்பதும் உண்மை. 2006இல் இங்கிலாந்தில் முதியோர் இல்லப் பணியாளர்களிடம் கேட்டபோது, 10இல் 9 பேருக்கும் மேல் மறதிநோயாளிகளிடம் பொய் சொல்வதாக ஒப்புக்கொண்டார்கள்.

இப்போது அந்த "வந்துடுவார்" விஷயத்துக்கு வருகிறேன். அதைக் கேட்ட அம்மா அடுத்து என்ன செய்வார்? காத்திருப்பார். வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். வரவில்லை என்றதும் கவலைப்படுவார்: "இவ்வளவு நேரமாச்சே, என்னாச்சோ." அதற்குப் பிறகு, நான் நிறையக் குடும்பங்களில் பார்த்தது, சந்தேகம் வரும். தன்னை விட்டுவிட்டுப் போய்விட்டார், வேறு யாரோடோ இருக்கிறார், தான் கிழவியாகிவிட்டதால் வேண்டாதவளாகிவிட்டேன். இறந்துபோன மனிதருக்கும் அநியாயம், இருக்கிறவருக்கும் சித்திரவதை. உங்களைக் கேள்வியிலிருந்து விடுவித்துவிட்டு, காத்திருக்கும் வேலையை அவர் தலையில் போட்டுவிடுகிறது அந்தப் பதில். உண்மைக்குப் புறம்பானது என்பதைவிட, நிறைவேற முடியாத ஒரு வாக்குறுதி என்பதுதான் அதன் பெரிய குற்றம்.

ஜெர்மனியில் டுசல்டார்ஃப் நகரத்தின் பென்ராத் முதியோர் இல்லத்தில் வாசலுக்கு வெளியே ஒரு பேருந்து நிறுத்தம் வைத்தார்கள். பலகை உண்டு, பெஞ்ச் உண்டு, பேருந்து மட்டும் ஒருநாளும் வராது. "வீட்டுக்குப் போகணும்" என்று தவித்து வெளியே வரும் முதியவர்கள் தொலைந்துபோகாமல் அங்கே வந்து உட்கார்வார்கள். இதைக் கேட்டதும் சிலருக்குக் கண் கலங்கும், சிலருக்குக் கோபம் வரும். எனக்கு இரண்டும் வந்தது. கதவைப் பூட்டி வைப்பதைவிடவும், கையைப் பிடித்து உள்ளே இழுப்பதைவிடவும் அது ஆயிரம் மடங்கு மேல். ஆனால் அங்கே ஆறுதல் தருவது பொய்யான பலகை இல்லை. ஒரு பணியாளர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்து உள்ளே அழைத்துப் போகிறார் பாருங்கள், அதுதான். அவர் வராவிட்டால் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரும் உங்கள் அம்மாவைப்போல வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பவர்தான்.

ஆகவே முதலில் பக்கத்தில் போய் உட்காருங்கள். சமையலறையிலிருந்து கத்திச் சொல்லும் எந்தப் பதிலும் வேலை செய்யாது, உண்மையானாலும் பொய்யானாலும். கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பாவைத் தேடுதாம்மா?" என்று கேளுங்கள். அது கேள்விக்கான பதில் இல்லைதான். ஆனால் அம்மா அந்த நேரத்தில் தகவல் கேட்கவில்லை, தேடுகிறார். "அப்பா இப்ப இங்க இல்லம்மா. நான் இருக்கேன்" என்று சொல்லலாம். இரண்டும் உண்மை. அதில் சாவுச் செய்தியும் இல்லை, திரும்பி வருவார் என்ற வாக்கும் இல்லை. அப்புறம் அப்பாவைப் பற்றி அவரையே பேச விடுங்கள். "வேலை முடிஞ்சு வந்ததும் அப்பா முதல்ல என்னம்மா பண்ணுவார்?", "அவருக்குக் கோபம் வந்தா எப்படி இருக்கும்?" ஐந்து நிமிடம் அப்பாவைப் பற்றிப் பேசியதும், பல சமயம், எங்கே என்ற கேள்வி தானாக அடங்கிவிடும். பேச்சை மாற்றுவது இதற்குப் பிறகுதான். கேள்வி கேட்ட உடனே டிவியைப் போட்டால், என்னை ஏமாற்றுகிறார்கள் என்பது மறதிநோய் வந்தவருக்கும் புரியும். அந்தப் புத்தி கடைசிவரை கூர்மையாகவே இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

எந்த நேரத்தில் கேட்கிறார் என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். அப்பா வேலையிலிருந்து வீடு திரும்பும் நேரமாக அது இருக்கலாம். பசி, மலச்சிக்கல், சிறுநீர் அவசரம், முட்டிவலி இவற்றை வார்த்தையாகச் சொல்ல முடியாமல் "அவர் எங்கே" என்று சொல்வதாகவும் இருக்கலாம். இருட்டுவதற்கு முன்பே விளக்குகளைப் போட்டுவிடுங்கள். இன்னொன்று முக்கியம்: இந்தக் குழப்பம் ஓரிரு நாளில் திடீரென்று அதிகமானால் அதை நோய் முற்றியதாக எடுத்துக்கொள்ளாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீர்த்தொற்று, உடம்பில் நீர் குறைவது, புதிதாகச் சேர்த்த ஒரு மாத்திரை, எது வேண்டுமானாலும் காரணமாக இருக்கும். அவற்றில் பலவற்றைச் சரிசெய்துவிடலாம்.

ஒருநாள் அவர் உங்கள் கண்ணைப் பார்த்து, "உண்மையைச் சொல்லு, அவர் செத்துட்டாரா?" என்று கேட்கலாம். சாயங்காலமாகவே இருந்தாலும் அப்போது பொய் சொல்லாதீர்கள். அந்தக் கேள்வியை அந்த வார்த்தையிலேயே கேட்கிற மனதுக்கு உள்ளே ஏதோ தெரிந்திருக்கிறது. "ஆமாம்மா, இறந்துட்டார். எனக்கும் அவரைத் தேடுது" என்று சொல்லிவிட்டு அவரோடு சேர்ந்து அழுங்கள். எப்போது, எப்படி, எந்த மருத்துவமனை என்ற விவரம் எதுவும் வேண்டாம். "எனக்கு ஏன் சொல்லல" என்றால், சொன்னோமே என்று வாதாடாதீர்கள். "சொல்லாம இருந்த மாதிரி இருக்கும்மா, கஷ்டமாத்தான் இருக்கும்" என்பது போதும். அவர் தனியாக விட்டுச்செல்லப்பட்டதாக நம்பித் துடிக்கிற நாளிலும், உண்மைதான் மருந்து. அப்பா தன்னை விட்டுவிட்டுப் போகவில்லை, காலம் முடிந்து போனார் என்று அம்மாவுக்குத் தெரிவது அந்த நேரத்தில் நிம்மதியாகவே இருக்கும்.

காலையில் இருக்கிற அம்மா விஷயம் முற்றிலும் வேறு. அவரால் உண்மையைக் கையில் பிடித்துக்கொள்ள முடிகிறது. அப்படிப்பட்டவரிடம் "தாங்க மாட்டார்" என்று மறைப்பது அவருக்குச் சொந்தமானதை எடுத்து வைத்துக்கொள்வதுதான். இந்தத் தவற்றை மருத்துவர்கள் நீண்ட காலம் செய்தோம். அமெரிக்காவில் 1961இல் 200க்கும் மேற்பட்ட மருத்துவர்களிடம் கேட்டபோது, அவர்களில் 90 சதவீதம் பேர் நோயாளியிடம் புற்றுநோய் என்று சொல்லாமலிருப்பதையே விரும்புவதாகச் சொன்னார்கள். எல்லாம் கருணையின் பெயரால்தான். 1979இல் அதே மாதிரியான கேள்விக்கு 97 சதவீதம் பேர் சொல்வதையே விரும்புவதாகப் பதில் சொன்னார்கள். இடைப்பட்ட 18 வருடத்தில் சிகிச்சைகள் மேம்பட்டதும், நோயாளிகளின் உரிமை பற்றிய பேச்சு வலுத்ததும் மருத்துவர்களை மாற்றின. நோயாளிகளின் நெஞ்சுரம் ஒரே தலைமுறையில் ஏறிவிடவில்லை. அவர்களுக்குத் தாங்கும் சக்தி முதலிலிருந்தே இருந்தது. சொல்லும் சக்திதான் எங்களிடம் இல்லாமல் இருந்தது.

அதனால் உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன், கொஞ்சம் தைரியம் வேண்டும். ஒரு நல்ல காலைப்பொழுதில் அம்மாவிடமே கேளுங்கள்: "அம்மா, சாயங்காலமானா உனக்குக் கொஞ்சம் குழப்பம் வருது. அப்பா எங்கேன்னு கேக்கறே. அப்ப நான் என்ன சொல்லணும்?" பெரும்பாலான குடும்பங்கள் இதைக் கேட்பதே இல்லை. நோயாளியைச் சுற்றி உட்கார்ந்து மற்றவர்கள் முடிவெடுத்துவிடுகிறார்கள். ஆனால் மறதிநோய் வந்தவர்களிடமே இதைக் கேட்டு நடத்திய ஓர் ஆய்வு 2011இல் வெளியானது. தங்கள் நன்மைக்காகச் சொன்னால் பொய்யை ஏற்றுக்கொள்வோம் என்றுதான் அவர்களில் பலர் சொன்னார்கள். பொய் என்று தங்களுக்கே தெரியவந்தால்தான் அது வலிக்கும் என்றார்கள். உங்கள் அம்மா என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. பொய்க்காக நாள் முழுக்கப் பேசாமல் இருந்த மனுஷி கறாராக ஏதாவது சொல்லலாம், இல்லை "போட்டும், அந்த நேரத்துக்கு எதையாவது சொல்லிச் சமாளி" என்றும் சொல்லலாம். எதைச் சொன்னாலும் அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் குற்றவுணர்வை என்னால் தீர்க்க முடியாது. அம்மாவின் அந்த ஒரு வாக்கியத்தால் முடியும்.

அண்ணன் வள்ளுவரைக் கூப்பிட்டதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். அவர் சொன்ன குறளுக்கு அடுத்த குறளையும் சேர்த்துப் படிக்கச் சொல்லுங்கள். தன் நெஞ்சுக்குத் தெரிந்த பொய்யைச் சொன்னால் அந்த நெஞ்சே தன்னைச் சுடும் என்கிறது அது. போன வாரம் பொய் சொல்லிவிட்டு எனக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தீர்களே, அப்போது உங்களுக்கு நடந்ததும் அதுதான். அதே அண்ணன், "ரெண்டு நாள்ல திரும்பிடலாம்" என்று சொல்லி அம்மாவை இடம் மாற்றப் பார்க்கிறார். ஒரு துயரத்தைத் தணிக்கச் சொல்லும் வார்த்தையும், ஒரு காரியத்தை முடிக்கச் சொல்லும் வார்த்தையும் ஒன்றில்லை. வீடு மாறுவது, பணம், கையெழுத்து, சிகிச்சை இவற்றில் அம்மாவிடம் பொய் சொல்லக் கூடாது. அம்மாவை அங்கே மாற்றுவது நிஜமாகவே அவசியம் என்றால், காலையில் உட்கார வைத்து, "இனிமே நீ என்னோட இருக்கணும்மா" என்று அண்ணனே தன் வாயால் சொல்லட்டும். அம்மா மறுத்தால் அந்த மறுப்பையும் அவரே கேட்கட்டும். மறந்துவிடுவார் என்பது ஒருவரைக் கேட்காமலே தூக்கிக்கொண்டு போவதற்கான அனுமதி இல்லை.

மகனுக்கு வருவோம். அவன் கேட்டது மிக நல்ல கேள்வி, அதை மழுப்பிவிடாதீர்கள். பிள்ளைகள் 3, 4 வயதிலேயே மற்றவர் மனம் நோகாமல் இருக்கச் சின்னச் சின்னப் பொய் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். பிடிக்காத பரிசை வாங்கிக்கொண்டு பிடிக்கும் என்று சொல்வார்கள். ஆக 9 வயதுப் பையனுக்கு இது புரியாத விஷயம் இல்லை. அவன் உண்மையில் கேட்பது, "அப்படின்னா என்கிட்டயும் சொல்வியா?" என்பது. அதற்குப் பதில் சொல்லுங்கள். "பாட்டி மூளையில ஒரு நோய் இருக்கு. தாத்தா செத்துட்டார்னு ஒவ்வொரு நாளும் புதுசா கேட்டு அழறாங்க. அதனால சாயங்காலத்துல அதைச் சொல்லாம இருக்கலாம்னு முடிவு பண்ணியிருக்கோம். 'வந்துடுவார்'னு நான் சொன்னது சரியில்ல, இனிமே அப்படிச் சொல்ல மாட்டேன். உன்னால புரிஞ்சுக்க முடியும், அதனால உன்கிட்ட எப்பவும் உள்ளதைத்தான் சொல்வேன்." இதைச் சொன்ன பிறகு நீங்கள் காப்பாற்றியாக வேண்டும். பாட்டியின் நோய் முற்றும்போதும், நாளைக்கு உங்கள் உடம்புக்கே ஏதாவது வந்தாலும்.

நீங்கள் கடிதத்தில் எழுதாத ஒன்றும் எனக்குத் தெரிகிறது. "அப்பா இறந்துட்டார்" என்று ஒவ்வொரு சாயங்காலமும் உங்கள் வாயால் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். இரண்டு வருடத்துக்கு முன் இறந்தது உங்கள் அப்பாவும்தான். அம்மாவைத் தேற்றும் அவசரத்தில் உங்கள் துக்கத்துக்கு இதுவரை இடமே கிடைத்திருக்காது. அம்மாவிடம் சொல்லாமல் விடும் அந்த உண்மையை, அதைக் கேட்டு வைத்துக்கொள்ளக்கூடிய யாராவது ஒருவரிடம் பேசுங்கள். அண்ணனிடமே பேச முடிந்தால் இன்னும் நல்லது. அவர் "வந்துடுவார்" என்று சொல்லத் துடிப்பதற்குப் பின்னாலும் அந்த வார்த்தையைச் சொல்ல முடியாத ஒரு மகன் இருக்கலாம்.

இந்த வாரமே இருவரும் உட்கார்ந்து, சாயங்காலத்துக்கான வாக்கியத்தை முடிவு செய்யுங்கள். வீட்டில் இருப்பவர்கள், உதவிக்கு வருபவர், பார்க்க வரும் உறவினர் எல்லோரும் அதையே சொல்ல வேண்டும். ஒருவர் இறந்துவிட்டார் என்றும் இன்னொருவர் வந்துவிடுவார் என்றும் சொன்னால் அம்மாவுக்கு நிற்க இடமே இருக்காது. அடுத்த முறை அவருடைய மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, நீங்கள் குறித்து வைத்த நேரங்களையும் அம்மா காலையில் சொன்ன பதிலையும் கையோடு எடுத்துப் போங்கள்.